துண்டுக்குள் பேசிய நெல்

என் அன்பு மச்சானுக்கு,

நீங்கள் மேலே போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கேயும் யாராவது உங்களிடம் அரிசி விலை கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அக்கா சௌக்கியம். மில்லும் சௌக்கியம். உங்கள் பிள்ளை கண்ணப்பனுக்குத்தான் படிப்பு முற்றிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை மண்ணச்சநல்லூரில் நம் அரிசி மில்லுக்கு, நமக்கு நெல் போடும் விவசாயி பெரியண்ணன் வந்தார். போன போகத்தில் மழை பொய்த்து, விதைக்கு வைத்திருந்த நெல்லையும் வீட்டில் குத்திச் சாப்பிட்டாயிற்று. விதை நெல் கடனாகக் கேட்டார். கிடைக்காவிட்டால் இந்தப் போகம் அவர் நிலம் தரிசு. உங்கள் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"செக்யூரிட்டி என்ன தர்றீங்க?" என்றான்.

"அப்பா இருந்தவரைக்கும் அப்படிக் கேட்டதில்லீங்களே தம்பி."

"அப்பா கடனை நம்பினவர் இல்லீங்க. பேங்க் மூடின வருஷம் ஊரே படுத்துக் கெடந்தப்ப அவர் கையில ரொக்கம் வச்சிருந்தார். அதான் மில் ஓடுச்சு. எக்கனாமிக்ஸ்லயும் இதைத்தான் சொல்றான்."

பெரியண்ணன் "வரேங்க" என்று போய்விட்டார். எனக்கு உள்ளே கொதித்தது மச்சான். எம்.ஏ. படித்த மண்டையில் இவ்வளவுதானா இருக்கும்? நான் எட்டாவதோடு நின்றவன். இனிச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று வாத்தியாரே என்னைக் கும்பிட்டு அனுப்பினார்.

அந்த வங்கியின் பேரைச் சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டும், அதனால் சொல்லவில்லை. மூடிய அன்று அதன் டைரக்டர் ஸ்ரீரங்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக, "எல்லாம் ரங்கநாதன் சித்தம்" என்றார். நான் தெருவில் நின்றே கேட்டேன்: "கையெழுத்து ரங்கநாதன் போட்டாரா, நீங்க போட்டீங்களா?" உத்தர வீதி முழுக்கச் சிரித்தது. அன்று தேர் ஓடியிருந்தால் அதுவும் நின்று சிரித்திருக்கும்.

அவரைவிடக் கேவலம் காந்தி மார்க்கெட் பெரிய மனிதர்கள். ஊர்ப் பணமெல்லாம் காவிரியோடு போய்விட்டது போல அழுதார்கள். வங்கியில் போட்டவன் பணம் போனது நிஜம். மற்றவன் பணம் எங்கே போகும்? பயந்துபோய் அரிசிப் பானைக்குள் உட்கார்ந்திருந்தது. மில்காரனிடம் ரொக்கம் இல்லை, நெல் வாங்கவில்லை. நெல் விற்காத விவசாயி வேட்டி எடுக்கவில்லை. வேட்டி விற்காத ஜவுளிக்காரன் அரிசிக்குக் கடன் சொன்னால் விரட்டினார்கள். களம் நிறைய நெல், ஊர் நிறைய வயிறு, நடுவில் ஒருவனை ஒருவன் நம்பாத கூட்டம்.

டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டே, இதற்கு என்ன மருந்து என்று என்னைத்தான் கேட்டார். "யாராவது ஒருத்தன் முதல்ல நம்பணும் சார்" என்றேன். குறித்துக்கொண்டு போனார். அதைத்தான் இப்போது புத்தகமாகப் போட்டு இவனுக்கு விற்றிருக்கிறார்கள். இவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முதலில் நம்பியவர் பெரியண்ணன். நெல் வண்டியோடு மில் வாசலில் வந்து நின்றவரிடம், "பணம் இப்ப இல்லீங்க. அரிசி வித்துத் தரேன்" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

"சரிங்க. ஆனா இது வெளிய தெரியக் கூடாது. வாய்ப் பேச்சை நம்பி நெல்லைக் கொடுத்தான்னு பயலுக சிரிப்பானுங்க" என்றார் அவர்.

அதற்காகத்தான், மணப்பாறை மாட்டுச் சந்தையில் அடுத்தவன் பார்க்காமல் விரலைத் தொட்டு விலை பேசுகிற மாதிரி, என் துண்டை எடுத்து உங்கள் இருவர் கை மேலும் போட்டேன். ஒரு ஜமீன்தார் எனக்குப் போர்த்திய பட்டு அது. உள்ளே நீங்கள் அவர் கையை ஒரு தடவை அழுத்தினீர்கள். வியாபாரம் முடிந்தது.

வேடிக்கை பார்த்த புத்திசாலிகள் என்ன நினைத்தார்கள்? மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை போனால் அது ரொக்க வியாபாரம். ஆகவே மச்சான் எங்கேயோ பணத்தைப் புதைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் வண்டிகள் வரிசை கட்டின. துண்டுக்குள் கைவிட்ட ஒவ்வொருவர் காதிலும் நீங்கள் சொன்னது அதே வார்த்தைதான்: "வித்துத் தரேன்." வெளியே வந்தவன் ஒவ்வொருவனும் ரொக்கம் வாங்கியவன் போல மடியைத் தட்டிக்கொண்டு போனான். தான் ஒருவன்தான் கடனுக்குக் கொடுத்த ஏமாளி என்று வெட்கம். அந்த வெட்கத்தில்தான் மச்சான் திருச்சி ஜில்லாவே பிழைத்தது.

நம் மில் ஓடுவதைப் பார்த்த பொறாமையில் மற்ற மில்காரர்களும் கதவைத் திறந்தார்கள். அரிசி மார்க்கெட்டுக்குப் போயிற்று, பானைக்குள் இருந்த பணம் மெல்ல வெளியே வந்தது. நீங்கள் ஒருவருக்கும் பாக்கி வைக்காமல் கொடுத்து முடித்தீர்கள். அப்புறம் மார்க்கெட் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டு, தங்கள் சாமர்த்தியத்தால்தான் ஊர் எழுந்தது என்று ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். அந்த மாலையையும் பூக்காரியிடம் கடனுக்குத்தான் வாங்கினார்கள்.

இதைப் பெற்ற பிள்ளைக்கு ஏன் சொல்லாமல் போனீர்கள்? பெரியண்ணனுக்குக் கொடுத்த வாக்கு என்பீர்கள். இன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவன் எக்கனாமிக்ஸ் வாயை மூடியிருக்கும். விதை நெல்லுக்கு நின்ற இடத்திலும் அவர் சொல்லவில்லை. அப்படிப்பட்டவரிடம் இவன் செக்யூரிட்டி கேட்கிறான்.

யாரிடமும் மூச்சு விடாதே என்று எனக்கும் சொல்லியிருந்தீர்கள். இத்தனை காலம் மூச்சு விடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

நாளைக் காலை கண்ணப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பெரியண்ணன் வீட்டு வாசலுக்கு அவனையே நடந்து போய்க் கூப்பிடச் சொல்வேன். அதற்குப் பிறகும் செக்யூரிட்டி என்று வாயெடுத்தால், மில்லில் பாதி அக்கா பேரில் இருக்கிறது. அக்காவின் பாதியிலிருந்து விதை நெல் போகும், மூட்டை மேல் நான் உட்கார்ந்து போவேன். அந்த நிலம் தரிசாகக் கிடக்காது மச்சான்.

உங்கள் பேச்சை முதல் தடவையாக மீறப் போகும்
மைத்துனன்,
வைத்திலிங்கம்