பெருசு என்று நான் சொன்னது

மாப்ள,

திங்கட்கிழமை உன் டிவி கடைக்கு வந்தது. உன் படகை வாங்கியவர் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். "படம் வருதுங்க, சத்தம்தான் வரல" என்று மேசைமேல் வைத்துவிட்டு வந்தவர் போய்விட்டார். அவருக்கு அது ஓர் இருபத்துநாலு இஞ்ச் டிவி, அவ்வளவுதான். திருகுகளைக் கழற்றிப் பின்மூடியைத் தூக்கினேன். உப்பும் டீசலும் காய்ந்த மீனும் கலந்த ஒரு வாடை வந்தது. உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அதே வாடை. மூடியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பக்கத்துக் கடைக்காரர் டீ சாப்பிடக் கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் அது மேசையிலேயே கிடந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நீ போய் ஒரு வருஷமாகிறது. நீ எதனால் செத்தாய் என்று ஊருக்குத் தெரியும், நெஞ்சுவலி. அந்த நெஞ்சுவலியோடு நீ ஏன் நடுக்கடலில் கிடக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை உன் மனைவியிடம் சொல்லாமல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். இனி முடியாது என்று பட்டது. நேற்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடமும் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இது.

டிவி வேண்டும் என்று நீ வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். தருமபுரத்தில் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "நாப்பத்திமூணு இஞ்ச் போதுமாடா?" என்று கேட்டாய். வீட்டுக்கு என்று நினைத்தேன். "போட்டுக்குடா" என்றாய். உன் படகின் கேபினில் நீயே தலை குனிந்துதான் நிற்க வேண்டும். அதற்குள் நாற்பத்திமூன்று இஞ்ச். சிரித்தேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்காதடா. வலைய விட்டுட்டு, இன்ஜின நிறுத்திட்டு, ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் சும்மா கெடக்கணும். செல்லுல டவர் கெடையாது. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் எத்தன நாளைக்குடா பாத்துக்கிட்டு இருப்பான்? சண்டதான் வருது. டிவி இருக்குற போட்டுக்கு ஆளுங்க ஓடிர்றானுங்க."

அது நியாயமாகத்தான் இருந்தது. மறுநாளே இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற தம்பி ஒவ்வொரு டிவியாகப் போட்டு, பூவையும் மயிலையும் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பார்த்தேன். வீட்டுக் கரண்டில் ஓடும் டிவியைப் படகில் வைத்தால் இன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பேட்டரியைக் குடிக்கும். உப்புக்காற்றில் ஒரு சீசன்கூடத் தாங்காது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் நேராக ஓடுகிற டிவிதான் எனக்கு வேண்டும், அது பின்பக்கச் சீட்டில்தான் எழுதியிருக்கும். நீ அந்தத் தம்பியிடம், "பொண்ணு பாக்க வந்துட்டு முதுகப் பாக்குறான் பாருங்க இவன்" என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கடைசியில் என் சொல்படிதான் வாங்கினாய். இருபத்துநாலு இஞ்ச். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய்.

மாட்டிய அன்று இன்னொரு கூத்து. கேபினில் நீ காட்டிய இடத்தில் டிவியை வைத்தேன். பக்கத்தில் இருந்த காம்பஸ் முள் கிறுக்குப் பிடித்ததுபோல் திரும்பியது. டிவி ஸ்பீக்கரில் காந்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கடலில் முள்ளைப் பார்த்து ஓட்டுவார்கள் என்பதுதான் மறந்துபோனது. நான் விழிதியூர் வயல்காட்டுக்காரன். "கரையில ஒக்காந்து லைன் போடுறவனுக்கு என்னடா தெரியும், இந்த முள்ளு போனா நாங்க சிலோன்லதான் போயி நிப்போம்" என்று கத்தினாய். எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். ஆட்டம் தாங்க, சைக்கிள் டியூபை வெட்டி அடியில் கொடுத்தேன். பேட்டரி முனைகளில் கிரீஸ் தடவினேன்.

டிஷ் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்கவில்லை. துறைமுகத்தில் கட்டிக்கிடந்த வரை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கடலில் படகு மூக்கைத் திருப்பினால் வெறும் புள்ளி. ஒரு கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவருக்காக, வேலையை விட்டுவிட்டுப் படகை ஒரே பக்கம் பார்க்கத் திருப்பித் திருப்பிப் பிடித்திருந்தாயாமே. உன் படகில் வேலை பார்த்த மாரியண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு டிஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பென் டிரைவுக்கு வந்தாய். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும் முன்னும் நான்தான் படங்களை ஏற்றிக் கொடுப்பேன்.

இனி பேட்டரி விஷயம். உன் படகில் இரண்டு பேட்டரி. ஒன்று புதுசு, உருவத்திலும் பெரியது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ண அதைத்தான் வைத்திருந்தோம். இன்னொன்று சின்னது, பழசு. லைட்டும் வயர்லெஸ்ஸும் அதில். அந்தச் சின்னதுக்குக் கேபின் கூரையில் ஒரு சோலார் பிளேட் போட்டு, டிவியையும் அதிலேயே கொடுத்தேன். டிவி எவ்வளவு குடித்தாலும் இன்ஜின் பேட்டரிக்குக் கை போகக் கூடாது, அதுதான் என் கணக்கு. உன் கையைப் பிடித்து இரண்டையும் தொட்டுக் காட்டித்தான் சொன்னேன். நீயும் ஐ.டி.ஐ.யில் என் பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்தவன். உனக்குப் புரியாமல் இல்லை.

உன் மகள் கல்யாணம் முடிந்து, அந்த வீடியோவையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனாயே, அந்த முறைதான். துறைமுகத்திலிருந்து போன் பண்ணினாய். கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மிக்சியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, டிவி ஒயரு உப்புப் பூத்து உட்டுப்போச்சுடா. வெட்டிட்டுப் புதுசா மாட்டுறேன். எதுல மாட்டணும்?"

"பெருசுல மட்டும் மாட்டிடாத. இன்னொண்ணுல மாட்டு. வந்ததும் நான் பாக்குறேன்."

"சரிடா."

போனை வைத்துவிட்டு மிக்சியை வாங்கிக்கொண்டேன். நான் பெருசு என்று சொன்னது பெரிய பேட்டரியை. உன் படகில் உள்ளவர்கள் எல்லாரும் அந்தப் பழைய பேட்டரியைத்தான் பெருசு என்று கூப்பிடுவீர்களாம். கிழவர் மாதிரி இருமி இருமி வேலை செய்கிறதாம். "பெருசு இன்னிக்கு எப்டி இருக்கு?" "பெருசுக்குத் தண்ணி ஊத்து." இப்படித்தான் பேச்சாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் கரையில் இருப்பவன். பெருசை விட்டுவிட்டு இன்னொன்றில் மாட்டச் சொன்னேன், நீ நான் சொன்னபடியே செய்தாய். புதுப் பேட்டரியில் மாட்டினாய்.

கல்யாண வீடியோ நாலு மணி நேரம். அதை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் உனக்குப் போதுமா? வலையை விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்திய நேரத்திலிருந்து ஓடியிருக்கிறது. தாலி கட்டுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாயாம். சாப்பாட்டுப் பந்தியில் மாரியண்ணன் இரண்டாவது தடவை உட்கார்ந்ததைக் காட்டிக் காட்டி ஓட்டினாயாம். மீன் படவில்லை என்று வலையை எடுக்காமலே கிடந்தீர்களாம். மறுநாள் மத்தியானம் உனக்கு நெஞ்சில் கை போனது. வேர்த்துக் கொட்டியது. வலையை வெட்டிவிட்டுக் கரைக்கு விடலாம் என்று சாவியைத் திருப்பினால், டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் டக். டிவி ராத்திரியெல்லாம் ஓடிப் புதுப் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. பழசை எடுத்து இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெரிய இன்ஜினைச் சுற்றிவிட அதற்கு ஏது தெம்பு? தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிக் காற்றில் போகலாமா என்றுகூடப் பார்த்திருக்கிறார்கள். காற்று கரைக்கு எதிராக இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு கரையைத் தொடும்போது நீ இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லாரிடமும் சொல்வதுதானே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில்தான் என் தலையில் இடி விழுந்தது. இலையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாரியண்ணன். ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க செஞ்சோம். பெருசுல போடக்கூடாதுன்னு சொன்னீங்களாம்ல. அதான் புதுசுல மாட்டுனோம். அதுவே இப்படிக் காலவாரிருச்சு பாருங்க."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. "எதண்ணே பெருசுன்னு சொல்வீங்க?" என்று கேட்டேன். "அந்தப் பழசதாங்க" என்றார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயர்லெஸ் வேலை செய்ததே, கூப்பிட ஏன் ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கேட்டேன். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். நானும் எழுந்து கை கழுவினேன். உன் மனைவி, "சரியா சாப்புடலயேண்ணே" என்றாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. கடையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எத்தனை விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா. சின்னதுல மாட்டு. பழசுல மாட்டு. இன்ஜின் பேட்டரியத் தொடாத. எதைச் சொல்லியிருந்தாலும் நீ இருந்திருப்பாய். கைவசம் இத்தனை வார்த்தை இருந்தும், மிக்சிக்காரர் நிற்கிறார் என்ற அவசரத்தில் அந்த ஒன்றுதான் என் வாயில் வந்தது. சின்ன டிவி, சரியான வோல்ட், சோலார், கிரீஸ் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எதுவும் உன் உயிருக்கு உதவவில்லை.

நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அந்த வரிசையில் உன் வீட்டுக்கு மட்டும் இந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்கவில்லை. "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்று உன் மனைவி டீ போட்டுக்கொண்டு வந்தாள். மகள் மாசமாக இருக்கிறாளாம், அடுத்த வாரம் அழைத்து வருகிறார்களாம். நல்ல விஷயம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தொடங்கிவிட்டேன். இல்லாவிட்டால் தொடங்கவே மாட்டேன் என்று பயம். போன் பண்ணியது, நான் சொன்னது, நீ புரிந்துகொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டம்ளரை வைத்து எது பெருசு, எது பழசு என்று காட்டினேன். அழக் கூடாது என்று போனேன். அழுதேன்.

அவள் அந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் எடுத்திருந்தா பொழச்சிருப்பாங்களாண்ணே?"

தெரியவில்லை என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். முடியவில்லை. "பொழச்சிருப்பான்மா" என்றேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள்.

"வலி வந்ததுமே மாரியண்ணன் வயர்லெஸ்ல கூப்புடுறேன்னு எந்திரிச்சாராம். இவுங்க கையப் புடிச்சு ஒக்கார வச்சிட்டாங்களாம். 'என் மாப்ள போட்ட லைனுடா, எடுக்கும், இன்னொருவாட்டி அடி'ன்னு சொன்னாங்களாம். அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம், நெனவு தப்புற வரைக்கும்."

நான் தலையைத் தூக்கவில்லை.

"இத ஒங்ககிட்ட ஒருநாளு சொல்லணும்னு வச்சிருந்தேண்ணே" என்றாள். "சந்தோசப்படுவீங்கன்னு."

பிறகு அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

இத்தனை நாளும் ஒரு வார்த்தையைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். அதற்காவது, தவறிச் சொன்னேன், உனக்கு வேறு மாதிரி கேட்டது என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அந்த ஒரு மணி நேரத்தையும் என் கையில் கொடுத்துவிட்டாய். ஒரு மணி நேரம் நீ என்னை நம்பிப் படுத்திருந்திருக்கிறாய், மாப்ள. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?