காடிவாளும் ஒரு போத்தல் பெற்றோலும்

மரத்தூள் தலையோடு சாப்பிட வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கும் என் அண்ணைக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. சாமியார் பிரசங்கத்தில் உங்களைப் பொறுமைசாலி என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் அவருக்கு அந்தப் பூசை வைக்கும் வேலையே வந்திருக்காது.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேரே ஏசுவதற்கு ஆள் இல்லாதபோது வேறு என்ன செய்வது?

நீங்கள் அரைவாசியில் விட்ட பள்ளிக்கூட யன்னல்கள் பட்டறைச் சுவரில் சாத்தியபடியே நிற்கின்றன. ஷெல் விழுந்து கண்ணாடி எல்லாம் நொருங்கியபின், புதுக் கண்ணாடி கொண்டுவர வழியில்லை என்றதும் நீங்கள்தானே யோசனை சொன்னீர்கள்? மரச் சட்டத்தில் சரிவாகக் காடி, அதுதான் நீளப் பள்ளம், வெட்டி, அதற்குள் மெல்லிய பலகைகளைச் செருகிவிடலாம், காற்று வரும், மழை வராது என்று. பிள்ளைகள் இன்னமும் சாக்குத் தொங்கவிட்ட வகுப்பில்தான் இருக்கிறார்கள். மாரி தொடங்கப் போகிறது.

மிச்சத்தை நான் முடிக்கிறேன் என்றேன். அம்மா எழும்பிப் போய், எஞ்சினையும் வாள்மேசையையும் இணைக்கிற தோல்பட்டியைக் கழற்றித் தன் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஒருத்தனைக் குடுத்தது காணாதே, பிள்ளை?"

தெருப் படலையடியில் வந்து நின்றேன். முன்னால் கடல், இறங்கினால் நேவி சுடும். தரையால் போவதென்றால் வெளியேறப் பாஸ் வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும், அம்மாவை விட்டுப் போக மனமும் வேண்டும். தெரிந்த ஒரே வேலையோ பெட்டகத்துக்குள் கிடக்கிறது. குருநகர்க் காற்று முகத்தில் அடிக்க அடிக்க எனக்கு மூச்சு முட்டியது, அண்ணை.

காடிவாளைப் பற்றி எத்தனை பாடம் நடத்துவீர்கள்! சாதாரண வட்டவாள் பலகையைப் பிளந்துகொண்டு போகும். இதுவோ இரண்டு வாளுக்கு நடுவே பல்லுத் தகடுகளை அடுக்கி முடுக்கியது, பலகையின் அடியை விரல் அகலத்துக்குத் தின்னும். மேலே இருக்கிற காப்பு மூடியைக் கழற்றினால்தான் வெட்டலாம். பல் முழுவதும் பலகைக்குள் மறைந்திருப்பதால் வாளே இல்லாத மாதிரித் தோன்றும், அதை நம்பிக் கை வைக்காதே என்பீர்கள். கட்டை இறுகினால் திருப்பி எறியும், அதற்கு நேரே நிற்காதே என்பீர்கள். கரண்ட் இருந்த காலத்தில் உங்கள் முழங்காலடியில் சிவப்புச் சுவிச்சு இருந்தது. தூள் தட்டுவதற்குக்கூட நிறுத்துவீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

சண்டையில் கரண்ட் போனபிறகு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினீர்கள். புகைக்குப் பயந்து அதைச் சுவருக்கு வெளியே வைத்தீர்கள். நிறுத்துகிற வேலை என்னுடையது. நீங்கள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், எஞ்சின் பிளக்கின் தலையில் தகட்டை அழுத்துவேன், பொறி அறுந்து நின்றுவிடும். ஆனால் நின்ற எஞ்சின் மண்ணெண்ணெயில் திரும்பக் கிளம்பாது. கிளப்புவதற்கு ஒரு மூடி பெற்றோல் ஊற்ற வேண்டும், தடை போட்டிருக்கும் பெற்றோலுக்கோ ஊரில் தவம் கிடக்க வேண்டும். அதனால் நிறுத்துவதையே விட்டுவிட்டீர்கள். மிச்சம் பிடித்ததைச் சாராயப் போத்தலில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள்.

அன்றைக்கு எஞ்சின் இருமத் தொடங்கியது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. சுவர் ஓட்டையால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாள் சோர்ந்து, சட்டம் பாதி வழியில் இறுகிவிட்டது. எஞ்சின் சாவதற்குள் வெட்டி முடித்துவிட நினைத்தீர்களாக்கும், நேர் பின்னால் நின்று முழுப் பலத்தோடு தள்ளினீர்கள். தகட்டில் கை வைத்தபடி நான் உங்கள் குரலுக்குக் காத்து நின்றேன். எஞ்சினுக்குத் திடீரென்று மூச்சு வந்தது. ஒரு சொல் போதுமே, அண்ணை. ஏன் கூப்பிடவில்லை?

சட்டம் திரும்பி வந்து வயிற்றில் அடித்தது. ஒரு துளி இரத்தம் வெளியே வரவில்லை. "ஒண்டுமில்லையடி, மூச்சுப் பிடிச்சிட்டுது" என்று மரக்குற்றியில் இருந்தீர்கள். பிறகு உதடு வெளுத்தது. பக்கத்து வீட்டாரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, அதில் பெற்றோல் இல்லை. நான் ஓடிப்போய் உங்கள் போத்தலை எடுத்து வந்து ஊற்றினேன். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெற்றோலில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வயிற்றுக்குள்ளே இரத்தக் குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். பொழுதுபடமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

பூசைக்கு மறுநாள் முதல் மழை பெய்தது. புத்தகங்களைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கள் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கினார்கள். வகுப்புக்குள்ளும் நனையத்தான் வேண்டும் என்று ஒரு சின்னப் பெண் அம்மாவிடம் சொன்னாள். அவர்கள் போனபிறகு அம்மா பெட்டகத்தைத் திறந்து பட்டியை என் மடியில் போட்டார்.

"நீ உள்ளுக்கை நில். நிப்பாட்டிறது நான்."

வயதான மனுசிக்கு அந்தப் புகை எதற்கு என்று தடுத்தேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் கூப்பிடுவான் எண்டு நீ பாத்துக்கொண்டு நிண்டனி. நான் நீ கூப்பிடுமட்டும் நிக்கமாட்டன்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. இரண்டு நாள் பட்டியைத் தொடாமல் வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொன்னார்.

இப்போது அம்மா ஒரு கையில் செபமாலையோடும் மறு கையைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் எஞ்சினடியில் இருக்கிறார். அது இலேசாக இருமினாலும் நிறுத்திவிடுவார். சில வேளை இருமுவது எஞ்சின் இல்லை, தெருவில் போகிற கிழவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் பல் முற்றாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். முதலில் நட்டை இறுக்கி, வாளைக் கையால் ஒரு முறை சுற்றிப் பார்க்கிறேன். கழிவுக் கட்டையில் வெட்டிப் பார்த்தபிறகுதான் சட்டத்தைத் தொடுகிறேன். ஒரே தரத்தில் ஆழமாக வெட்டுவதில்லை. பழைய சைக்கிள் டயர் ஒட்டிய கட்டையால்தான் தள்ளுகிறேன், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுதான் தள்ளுகிறேன். எல்லாம் நீங்கள் சொன்னதுதான். பயம் போகவில்லை. தோல்பட்டி சுழலத் தொடங்கினால் அந்தச் சுவர்களுக்குள்ளே அகப்பட்ட மாதிரித்தான் இருக்கிறது. வேறு எங்கே போக?

ஒரு வகுப்பு யன்னல்கள் முடிந்துவிட்டன. இன்னொரு வகுப்பு இருக்கிறது. போத்தலின் அடியில் கொஞ்சம்தான் மினுங்குகிறது.

அது முடிந்தால் மிச்சக் காடிகளை உளியால் வெட்டுவேன், அண்ணை. மாரி முழுவதும் எடுத்தாலும் வெட்டுவேன். ஆனால் எஞ்சின் இருமினால் நிறுத்துவேன். ஒரு சொட்டுக்கூட மிச்சம் பிடிக்கமாட்டேன். இனி இந்த வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெற்றோல் இருக்காது. அது தேவைப்படாமல் பார்த்துக்கொள்வேன்.

இப்போது மேசைப் பக்கம் நிற்கும்,
உங்கள் தங்கச்சி