கனிக்கு டாக்டர் சொன்னது

ஜூலை 4, 1988. திங்கள்.
காலையிலிருந்து மழை. தாராவிச் சந்தில் முழங்கால் தண்ணீர். நான் முன்னமே சொன்னதெல்லாம் அப்படியே பலித்துவிட்டது. அக்கா மகள் கனிக்கு நாலு மாதமாக விலக்கு வரவில்லை. தாடையில் முடி. கழுத்து மடிப்பில் கறுப்பு. உடம்பும் ஊதிவிட்டது. போன தீபாவளிக்கே, "இது சோத்துக் கொழுப்பு இல்ல, உள்ள கோளாறு" என்றேன். யார் கேட்டார்கள்? ஆறாம் வகுப்போடு நிறுத்தாமல் இருந்தால் இந்நேரம் நானே டாக்டர்.

பக்கத்து வீட்டு அன்னம்: "அண்ணாச்சி, ஒங்கள விட ஒங்க மருமவளுக்கு மீச நல்லா வருதே!" வயிறு வலிக்கச் சிரித்தேன். கனி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள்.

ஜூலை 6. புதன்.
மழை இல்லை. மாட்டுங்காவில் சோனோகிராபி, வயிற்றை ஸ்கேன் எடுப்பது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.
"மாமா, முடியல."
"பொறுட்டீ. நான் ஊர்ல இருந்து பம்பாய் வரைக்கும் அடக்கிட்டு வந்தவன்."
பக்கத்தில் இருந்த நம் ஆட்கள் சிரித்தார்கள். கனிக்குக் கண்ணில் தண்ணீர்.

இரண்டு சினைப்பையிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டி. கல்யாணமாகாத பெண் காதில் இதெல்லாம் விழலாமா? நான்தான் அவளை வெளியே அனுப்பினேன். டாக்டரும் நானும் இந்தியில் சரிசமமாகப் பேச்சு.

வீட்டில் நாற்காலி போட்டார்கள். அக்கா, அன்னம், எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.
"பிள்ளையே பொறக்காதுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு."
அக்கா அப்படியே சுவரில் சாய்ந்தாள். எனக்கு ஏலக்காய் டீ.

ஜூலை 9. சனி.
கனிக்குப் பேசி வைத்திருந்த ஆண்டாப் ஹில் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். செய்தி அன்னம் வழியாகப் போயிருக்கும். தினமும் சாயங்காலம் கனியைப் பார்க்க பஸ் ஸ்டாப்பில் நிற்பானாம் அந்தப் பையன். இன்று இவள் மட்டும் போய் நின்றுவிட்டு வந்தாள்.

நான் விடுவேனா? தேவ்நாரில் ஒருவர். பெண்டாட்டி செத்துப்போனவர், மூன்று பிள்ளைகள், இனிப் பிள்ளை வேண்டாம் என்கிறார். இப்படிப் பொருத்தம் பார்க்க பம்பாயில் வேறு ஆள் உண்டா?

ஜூலை 10. ஞாயிறு.
தூறல். தேவ்நார்க்காரர் வந்தார். வெற்றிலை மாற்றியாச்சு. கனி தாடையை பிளேடால் வழித்திருந்தாள். வெட்டுக்காயத்தின் மேல் பவுடர்.

அவர் போனதும் கேட்டாள்: "மாமா, டாக்டர் வேற ஒண்ணுமே சொல்லலையா?"
"ஒண்ணும் சொல்லல. போட்டீ, பாத்திரம் கெடக்கு."

இங்கே மட்டும் எழுதுகிறேன். பிறக்காது என்று டாக்டர் சொல்லவில்லை. மருந்து சாப்பிட்டால் சரியாகும், பிள்ளையும் பிறக்கும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோது அது சப்பென்று இருந்தது.

பயப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்லச் சொன்னார்.