மூன்றாம் ஓலை

9 ஏப்ரல் 2024, செவ்வாய்

மோட்டார் சரியாகிவிட்டது. ஆனாலும் தொட்டி நிரம்ப முன்பைவிட நேரமாகிறது. ஏன் என்று தெரியவில்லை.

மாலையில் கிரேசியின் அண்ணன் வந்தார். மே எட்டாம் தேதி கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தொன்பது. இருவரும் துணையை இழந்தவர்கள். அவள் குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். தினமும் என்ன பேசிக்கொள்வோம்?

துபாயிலிருந்து மகள் ஷிபா கூப்பிட்டாள். "அப்பா, அம்மா போனதுல இருந்து பரண்ல கெடக்க அந்தப் புட்டுக்குடத்த இனியாவது வெளிய எடுங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்கப்பட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." சிறுவயதிலிருந்து கேட்ட வாசகம். என் பெயருக்குப் பின்னால் வந்தபோது குனிந்துகொண்டேன்.

15 ஏப்ரல், திங்கள்

குளிக்கும்போது கவனித்தேன். உறுப்பில் ஒரு புண். வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருக்கிறது.

16 ஏப்ரல், செவ்வாய்

எழுதிவிடுவது நல்லது.

மார்ச் 15. கூடப் படித்த யூஜினுடன் வட்டக்கோட்டைக்குப் போனேன். திரும்பும் வழியில் ஒரு விடுதிக்குக் கூட்டிப் போனான். அவன் அடிக்கடி போகிறவன். "மேரி போயி ஆறு வருசம் ஆச்சு மக்கா. நீ என்ன சாமியாரா?" என்றான். நான் மறுக்கவில்லை. கல்யாணப் பேச்சு அப்போது வந்திருக்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வதால் ஏதாவது மாறுமா?

அறைக்கு வந்தவள் பெயர் ஸ்மிதா என்றாள். நாற்பது வயது இருக்கும். ஆணுறையை எடுத்துத் தந்தாள். நான் வேண்டாம் என்றேன். வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. மேரியும் நானும் கல்யாணத்துக்கு முந்தைய வகுப்பில் கேட்டதைக் கடைசிவரை கடைப்பிடித்தவர்கள். ஆணுறையைத் திருச்சபை விலக்கியிருக்கிறது. ஒரு பாவத்தோடு இன்னொன்று எதற்கு என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நினைத்தேன். அவள் இரண்டாம் முறையும் கேட்டாள். "எனக்கு இந்த வயசுல என்ன வரப்போவுது" என்றேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. காலையிலிருந்து சுத்தபோசனம், இறைச்சி தொடாத நாள். மீன்குழம்புதான் சாப்பிட்டேன்.

17 ஏப்ரல், புதன்

யூஜினிடம் சொன்னேன். "சூட்டுக் கொப்புளமா இருக்கும். இளநீ குடி." எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் நிகழ்தகவு நடத்தியவன் ஆசையை எந்தச் சூத்திரத்தில் வைப்பது?

நாகர்கோவிலில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு நர்ஸாவது என்னைத் தெரிந்தவளாக இருப்பாள். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ். நான் கட்டப்போவதும் ஒரு நர்ஸை.

18 ஏப்ரல், வியாழன்

திருநெல்வேலி போனேன். பஸ் தோவாளை தாண்டும்வரை முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஏசி பஸ்ஸில் போயிருக்கலாமே என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் என்று ஓர் அறை. ஆலோசனை சொல்லும் பெண் பெயர் கேட்டாள். வாயில் வந்தபடி முருகதாஸ் என்றேன். எழுதிக்கொண்டே சொன்னாள்:

"முருகதாஸ்ன்னுட்டு கழுத்துல மாதா உத்தரியம் கெடக்கே, ஐயா."

உத்தரியக் கயிற்றைச் சட்டைக்குள் தள்ளினேன்.

"பேச்சும் நம்ம பக்கமாட்டு இருக்கு. நான் குளச்சல்காரி. பெபிஷா. பேரு எதுன்னாலும் ரத்தம் ஒண்ணுதான், பயப்படாண்டாம்."

ரத்தம் எடுத்தார்கள். நாளை வாக்குப்பதிவு விடுமுறை. சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

19 ஏப்ரல், வெள்ளி

ஓட்டுப் போட்டேன். விரலில் மை. வேறெதுவும் செய்யவில்லை.

20 ஏப்ரல், சனி

சிபிலிஸ். தொடக்க நிலை. எச்.ஐ.வி. இப்போதைக்கு இல்லை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் பார்த்தது போதாது, மூன்று மாதம் ஆன பிறகு பார்ப்பதைத்தான் நம்பலாம் என்றார் டாக்டர். சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிட்டு பெனிசிலின் போட்டார், இடுப்பில் இரண்டு பக்கமும். வயதானவர்கள் இப்போது நிறைய வருவதாகச் சொன்னார். புண் தானாக ஆறிவிடும், ஆறினதும் பலர் குணமாகிவிட்டதென்று விட்டுவிடுகிறார்கள், அது உள்ளே இருக்கும் என்றார்.

பெபிஷா கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கும் தெரியணும் ஐயா. வீட்டுல யாரும் உண்டா?"

அடுத்த மாதம் வருகிறாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன்.

21 ஏப்ரல், ஞாயிறு

இரண்டாம் ஓலை. பூசை முடிந்து கிரேசி மாதா சிலை இருக்கும் கெபி பக்கம் வந்தாள்.

"என்ன சார், உக்காந்து எழும்புறதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டிய?"

"காய்ச்சல். ஊசி போட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? காய்ச்சலுக்கு யாரும் இரண்டு பக்கமும் போடுவதில்லை என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

22 ஏப்ரல், திங்கள்

யூஜினிடம் ஸ்மிதாவின் எண் கேட்டேன். "உனக்குக் கிறுக்கா ஏலே? போலீஸ் கேஸாவும்" என்றான். நீயும் பரிசோதனை செய்துகொள் என்றேன், வீட்டில் மனைவி இருக்கிறாள் என்றேன். கெட்ட வார்த்தை சொன்னான். எண்ணையும் தந்தான்.

அவள் எடுத்தாள். என்னை நினைவில்லை. ஆணுறை வேண்டாம் என்று சொன்ன கிழவன் என்றதும் நினைவு வந்தது.

"நான் ரெண்டு மட்டம் கேட்டேன்லா சார்?"

"கேட்டே."

"நாளைக்குப் போயி பாக்கேன். ஒங்ககிட்ட இருந்து எனக்கா, என்கிட்ட இருந்து ஒங்களுக்கான்னு யாருக்குத் தெரியும். சரி, வைக்கேன். பிள்ள ஸ்கூல் விட்டு வருது."

குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

23 ஏப்ரல், செவ்வாய்

கிரேசி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொல்லிவிட நினைத்திருந்தேன். காப்பி கொண்டுவந்துவிட்டாள். காப்பி ஆறும்வரை டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தேன், பிறகு எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். பாடம் நடத்துவதுபோல இருந்தது. வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமையே சொல்லுவியன்னு நின்னேன்" என்றாள்.

பிறகு, "அவ உறை தரல்லியா?"

"தந்தா. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"சபை விலக்கியிருக்கே."

கிரேசி என் பக்கம் திரும்பினாள். "அப்போ மத்தது சபை சொல்லிச் செஞ்சதா, சார்?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"முப்பது வருசம் கையுறை போட்டு வேல செஞ்சவ நான். நோயோட வந்தவங்கள ஒருநாளும் வெரட்டினதில்ல. ஆனா அது வேல. இது என் கட்டிலு." டம்ளரை எடுத்துக்கொண்டாள். "மூணாவது ஓல வேண்டாம். பங்கு அச்சன்கிட்ட நான் பேசுதேன்."

அவ்வளவுதான் என்று புரிந்தது. நடந்தே வந்தேன்.

28 ஏப்ரல், ஞாயிறு

ஓலை வாசிக்கவில்லை. கிரேசி மகனைப் பார்க்கக் குவைத் போவதாக ஊரில் பேச்சு. அவள் ஆலயத்தில்தான் இருந்தாள், இரண்டாம் வரிசையில்.

ஷிபா போனில் ஏன் என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். பொய்யில்லை.

8 மே, புதன்

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

2 ஜூன், ஞாயிறு

புண் இருந்த இடம் தெரியவில்லை. டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது.

யூஜின் கூப்பிட்டான். நலம் விசாரித்தான், மழையைப் பற்றிப் பேசினான். கடைசியில், "அந்தத் திருநெல்வேலி ரூமு எந்த மாடி?" என்றான். சொன்னேன்.

19 ஜூன், புதன்

கிரேசியிடமிருந்து போன், ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறை. "மூணு மாசம் ஆச்சில்லா. போனியளா?"

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி போகிறேன் என்றேன்.

"நாகர்கோவில்லயே எடுங்க. ஒளிஞ்சு போற வயசா இது? பத்து மணிக்கு நானும் வாறேன்."

21 ஜூன், வெள்ளி

ரத்தம் எடுத்த நர்ஸ் ஷிபாவோடு படித்தவள். "அங்கிள், சுகமா?" என்றாள். சுகம் என்றேன். வெளியே வேப்பமரத்தடியில் கிரேசி யாரோ ஒருத்தியிடம் மீன் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

24 ஜூன், திங்கள்

எச்.ஐ.வி. இல்லை. மற்றதன் அளவு குறைந்திருக்கிறது. இன்னும் சில மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டும். காகிதத்தைக் கிரேசியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தாள். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குத் திருப்பித் தரவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

கல்யாணத்துக்குக் கிரேசியே மறுபடி சம்மதித்துப் போய்ப் பேசினாள்; இடைவெளி விழுந்ததால் மறுபடி முதல் ஓலையிலிருந்து என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். இன்று வாசித்தார். பின்வரிசையில் யாரோ, "இதென்ன, பள்ளிக்கூடத்துல தோத்த மாதிரி" என்றது கேட்டது. குனியவில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் கிரேசி சொன்னாள், யாருக்கும் கேட்காத குரலில்: "கடைசி டெஸ்ட்டு முடியும்வரை உறை வேணும். நீங்கதான் வாங்கணும். என்னால முடியாது."

மாலையில் மருந்துக்கடைக்குப் போனேன். கடை டெல்வினுடையது; ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவன். முதலில் வாய் கழுவும் மருந்து வாங்கினேன், பிறகு பஞ்சு. அவன் வேறென்ன என்று கேட்டான். சொன்னேன். கையில் எடுத்தவன் ஒரு கணம் நின்றான்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்" என்றேன்.