அவர் சட்டையை அவரே தேய்க்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எங்கள் ஓட்டலில் லிப்ட் பழுதுபார்க்கிறவரைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன் இல்லையா? போன வாரம் அவரிடம் என் மனதைச் சொல்லிவிட்டேன். "ஐயையோ, உன்னைத் தங்கச்சியாத்தானே நினைச்சேன்!" என்றார். சரி, அவர் மனசு அவருடையது. ஆனால் நேற்று சலவை அறைக்கே வந்து, "என் கல்யாணச் சட்டை. நீ தேய்ச்சாத்தான் மடிப்பு நிக்கும்" என்று நீட்டினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை!

"தங்கச்சின்னா அவ்வளவு இளக்காரமா? இஸ்திரிப் பெட்டி சூடாத்தான் இருக்கு, நீங்களே தேய்ச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். நாலைந்து நாளாக இறங்காத சாப்பாடு நேற்று நன்றாகவே இறங்கியது.

இங்கே குளிர் அதிகம். போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு, அம்மா. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் மகள்