தலைவர் வண்டி குலுங்கக் கூடாது

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் ஒரே பனி. ராஜகிரி இருக்கிற இடமே தெரியவில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் சொல்ல வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். இவருக்குக் கால் வலி மாத்திரை.

பத்து மணி வாக்கில் ரோட்டில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் பொக்லைன். கடைக்கு எதிரே பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கிற வேகத்தடையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. கல்லாவைக்கூட மூடாமல் ஓடினேன். ரோட்டு ஆபீஸ் ஆள் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"வியாழக்கிழமை தலைவர் வர்றாரும்மா. அவலூர்பேட்டையில பேசிட்டு இந்த வழியாத்தான் செஞ்சிக்கு வர்றாரு. வேன் மேல நின்னுகினு கை காட்டிகினே வருவாரு. வண்டி குலுங்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"பசங்க ரோடு தாண்டுற இடம் சார் இது."

"எனக்கு இன்னாம்மா தெரியும். எடுக்கச் சொன்னாங்க, எடுக்குறோம்."

"திரும்ப எப்ப போடுவீங்க?"

"அது வேற செக்‌ஷன்."

வேற செக்‌ஷனாம்! வாயில் நன்றாக வந்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அடக்கிக்கொண்டேன்.

இதே இடத்தில்தான் இவரை மணல் லாரி தட்டிவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஜெராக்ஸ் காகிதம் கொடுக்க ரோட்டைத் தாண்டினார், அவ்வளவுதான். தொடையில் இன்னமும் பிளேட் இருக்கிறது. அதற்கப்புறம் நான் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது. மனு கொடுத்து மனு கொடுத்து இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் போட்டார்கள். போட்ட அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன். இன்றைக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வழித்துப் போட்டுவிட்டார்கள்.

இவர் சொல்கிறார், "விடு சாந்தி. ஒரு நாள் கூத்துதான."

"உங்க காலப் பாத்துகினு பேசுங்க" என்று கத்திவிட்டேன். பாவம், பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். மத்தியானம் மோர்க்குழம்பு வைத்தேன், அவருக்குப் பிடிக்கும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

டோனர் சொல்ல மறந்தே போச்சு.

பிப்ரவரி 10, செவ்வாய்

குமார் வந்தான். இவருடைய தம்பி. கட்சியில் வார்டு செயலாளர் ஆனதிலிருந்து சட்டையில் மடிப்புக் கலைவதில்லை. கையில் கட்டுக் கட்டாகத் தோரணம்.

"அண்ணி, வியாழக்கிழமை நீங்க ஒரு பத்துப் பொம்பளைங்களக் கூட்டிகினு ஆரத்தித் தட்டோட நிக்கணும். கட்சிக் கலர்ல பொடவை குடுத்துடறோம்."

"ஏன்டா தம்பி, ஸ்பீடு பிரேக்கர எடுத்துட்டாங்களே, உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. நாங்கதான் லெட்டர் குடுத்தோம்."

நாங்கதான் லெட்டர் குடுத்தோம்! கூசாமல் சொல்கிறான். அவன் பெண் தர்ஷினி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஆறாவது படிக்கிறாள். தினம் சாயங்காலம் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்து உட்கார்ந்து, இவன் வரும் வரை வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

"மறுநாளே போட்டுடுவாங்க அண்ணி. என் பொறுப்பு. டென்ஷன் ஆவாதீங்க."

ஆரத்தி எடுக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். தலைவர் வண்டி நின்றால் நேராகவே சொல்லிவிடலாம். ஐயா, எங்கள் பிள்ளைகள் தாண்டுகிற இடம் என்று ஒரு வார்த்தை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புடவை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

ரோட்டோரம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர். சாக்கடையை ஒரு வருஷமாக அள்ளவில்லை, அதன் மேலேயே அழகாகக் கோடு போட்டிருக்கிறார்கள். கடைக்கு முன்னால் பேனர் கட்டிவிட்டார்கள். தலைவர் முகம், அதற்குக் கீழே இருபது முகம், ஓரத்தில் தபால்தலை அளவுக்குக் குமார் முகம். என் கடைப் பெயர்ப்பலகை சுத்தமாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. மாசியே பிறக்கவில்லை, அதற்குள்ளேயே.

பள்ளிக்கூடத்துக்கு மத்தியானத்தோடு லீவு. இரண்டு மணிக்கே வந்து நிற்கச் சொன்னார்கள். நின்றோம். நான்கு மணிக்கு வருகிறார். ஐந்து மணிக்கு வருகிறார். அவலூர்பேட்டையை விட்டுக் கிளம்பிவிட்டார். இல்லை, இன்னும் கிளம்பவில்லை. தண்ணீர் பாக்கெட் தீர்ந்துபோனது. ஆரத்தித் தட்டில் கற்பூரம் காற்றில் கரைந்து பாதியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா, "வர்றாரா, இல்ல நம்பளப் பாக்க வெச்சிட்டுப் பூட்டாரா?" என்றாள்.

ஏழு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேட்டுச் சத்தம். என்னடா என்று பார்த்தால், நேரமாகிவிட்டதால் அவலூர்பேட்டைக் கூட்டத்தையே ரத்து செய்துவிட்டார்களாம். தலைவர் திண்டிவனம் ரோட்டு வழியாக நேராக மேடைக்குப் போய்விட்டார்.

அதாவது இந்தப் பக்கம் வரவே இல்லை. வராத வண்டி குலுங்கக் கூடாது என்று, இருந்த தடையைச் சுரண்டியிருக்கிறார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

ஆரத்தித் தண்ணீரை அந்தப் பேனர் காலடியிலேயே ஊற்றிவிட்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போனது. இவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

மறுநாளே போடுவார்களாம். ஒரு காக்காய்கூட வரவில்லை.

ரோட்டு ஆபீசுக்குப் போனேன். அதே தொப்பிக்காரர், இன்றைக்குத் தொப்பி இல்லாமல். பெஞ்சில் உட்காரச் சொன்னார், அதுவரைக்கும் மரியாதை.

"புதுசா போடணும்னா எஸ்டிமேட் போடணும், மேல அனுப்பணும், டெண்டர் வுடணும். இப்ப எலெக்‌ஷன் தேதி எந்த நேரமும் சொல்லிடுவாங்க. சொல்லிட்டா எந்த வேலையும் எடுக்க முடியாதும்மா. விதிமுறை."

"எடுக்கறதுக்கு எஸ்டிமேட் போட்டீங்களா சார்?"

"அது வாய்மொழி உத்தரவு."

"அப்ப போடறதுக்கும் வாயாலயே ஒருத்தரச் சொல்லச் சொல்லுங்க."

பக்கத்து டேபிள் பெண் சிரித்துவிட்டாள். தொப்பிக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "எலெக்‌ஷன் முடிஞ்சு வாங்க" என்றார். பள்ளிக்கூடம் அதற்குள் முழுப் பரீட்சை முடிந்து லீவே விட்டுவிடும்.

ஹெச்.எம். அம்மாவையும் பார்த்தேன். அவருக்கும் பயம்தான், தினமும் ஒரு டீச்சரை வாசலில் நிறுத்துகிறாராம். "நான் கவர்ன்மென்ட் ஸ்டாஃப் சாந்தி. எலெக்‌ஷன் டியூட்டி வேற இருக்கு. நீ செய், நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்." பாக்காத மாதிரி இருப்பதற்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. ஆனாலும் அவர் மேல் கோபம் வரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

ஒழுங்காக எழுதுகிறேனா தெரியவில்லை.

சாயங்காலம் பெல் அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரம். தர்ஷினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதி ரோட்டுக்கு வந்துவிட்டாள். அவலூர்பேட்டை பக்கமிருந்து ஒரு ஜல்லி லாரி, பிரேக்கே இல்லாத மாதிரி வருகிறது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பிள்ளை சைக்கிளை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். லாரி சைக்கிளின் முன் சக்கரத்தை அப்பளமாக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

பிள்ளைக்கு முட்டியில் சிராய்ப்பு, அதோடு போயிற்று. ஒரு அடி முன்னால் இருந்திருந்தால். நினைக்கவே கூடாது.

கடைக்குள் உட்கார வைத்து மருந்து போட்டேன். அழவில்லை, உதடு மட்டும் வெள்ளையாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொல்கிறாள், "நைனாகிட்ட லாரின்னு சொல்லாதீங்க பெரீம்மா. பாத்துத் தாண்டத் தெரியாதான்னு அடிக்கும்."

சரி, சொல்ல மாட்டேன் என்றேன். குமார் வந்தான், சைக்கிளைப் பார்த்தான். கல்லுல மோதி விழுந்துட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். "ரோட்டுல வேடிக்கை பாத்துகினு போவியா?" என்று தலையில் ஒரு தட்டு தட்டிக் கூட்டிக்கொண்டு போனான். தட்டு தட்டுகிறான்! பின்னாலேயே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு வாயைக் கட்டிவிட்டது.

இவர் சாப்பிடவில்லை. நானும் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

மண்டகப்பட்டு பச்சையம்மா பட்டா ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். வரும்போதே போலீசைத் திட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஊர்ப் பக்கம் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில்தான் பரப்புவார்கள். வண்டி ஏறி ஏறிக் காய் உடையும். களம் தூரம், ஆள் கூலி கட்டுப்படி ஆகாது, ரோடுதான் களம். அதை வாரச் சொல்லிவிட்டார்களாம்.

"வண்டிங்கல்லாம் ஸ்லோ ஆவுதாம்க்கா. ஸ்லோவானா இன்னா, குடியா முழுகிடும்?"

நான் ஜெராக்ஸ் எடுக்கிறதை நிறுத்திவிட்டேன்.

"பச்ச, அந்த உளுந்த இங்க கொண்டாந்து போடறியா?"

"எங்க?"

எதிரே காட்டினேன். அவள் ரோட்டைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உனக்கு இன்னா பைத்தியமா?" என்றாள். தர்ஷினி விஷயத்தைச் சொன்னேன். ஜெராக்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "காத்தால கொண்டாரேன். மெத்தையா போடக் கூடாது, பைக்கு சறுக்கும். ரெண்டு ஓரமும் பைக்குக்கு வழி வுடணும்."

பிப்ரவரி 18, புதன்

எட்டு மணிக்கே உளுந்து வந்து இறங்கியது. பச்சையம்மாவும் அவள் ஓரகத்தியும் பரப்பினார்கள். நான் இரண்டு பக்கமும் கல் வைத்துச் சிவப்புத் துணி கட்டினேன். துணி எது என்று கேட்டால், போன தீபாவளிக்கு எடுத்து ஒரு நாள்கூடக் கட்டாத பாவாடை.

பஸ் வந்தது, மெதுவாக ஏறி இறங்கியது. டிரைவர் தலையை நீட்டித் திட்டினார். திட்டட்டும், மெதுவாகத்தானே போனார். லாரி வந்தது, உருண்டுகொண்டு போனது. பிள்ளைகள் செடியின் ஓரமாக ஆற அமரத் தாண்டினார்கள். ஹெச்.எம். அம்மா வாசலில் நின்று பாக்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் போலீஸ். "ரோடு இன்னா உங்க வூட்டுக் களமா?"

"இல்ல சார். உங்க தலைவருங்களோட மெத்தையும் இல்ல" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை, தெரியவில்லை. இவர் உள்ளே இருந்து "சாந்தி, சாந்தி" என்கிறார். "பழைய மாதிரி தடையப் போடச் சொல்லுங்க சார், அந்த நிமிஷமே வாரிக்கறோம்." போலீஸ்காரர் ஊருக்குப் புதுசு போல. சாயங்காலத்துக்குள் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். எடுக்கவில்லை.

பிறகு குமார், பைக்கில் பறந்து வந்தான்.

"எங்க கட்சிய அசிங்கப்படுத்தறீங்க அண்ணி. வாட்ஸ்அப்புல போட்டோ சுத்துது."

"உன் பொண்ணு சைக்கிள்ல வுழல. ஜல்லி லாரி ஏறிச்சி. கேட்டா நீ அடிப்பன்னு பயந்துகினு மறைச்சிட்டா."

சொல்லிவிட்டேன். பிள்ளை என்னை மன்னிக்கட்டும். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ஃபோன் அடித்தது. "இதோ வர்றேண்ணே" என்று போய்விட்டான். எனக்குத்தான் அழுகை வந்தது.

மூன்று மணிக்கு மற்ற கட்சிக்காரர்கள். கொடியோடு வந்து உளுந்துக்குப் பின்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தார்கள். "குழந்தைகளின் உயிரோடு விளையாடும்" என்று ஆரம்பித்து ஒரு கோஷம். ஒருத்தன் என் கையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். "நாங்க உங்க கூட இருக்கோம்க்கா, கவலப்படாதீங்க." காய்களை நன்றாக மிதித்துவிட்டுப் போனார்கள், அந்த வகையில் பச்சையம்மாவுக்கு லாபம்.

பிப்ரவரி 19, வியாழன்

உளுந்து முக்கால்வாசி உடைந்துவிட்டது. பச்சையம்மா மத்தியானம் தூற்றி மூட்டை கட்டினாள். மிச்சச் செடி கொஞ்சம்தான். நாளைக்கு ஒரு நாள் தாங்கும் என்றாள். டோனர் வந்தது.

ஆறு மணிக்கு, நேற்று என் கையைத் தூக்கிப் பிடித்தவன் தனியாக வந்தான். வெகு மரியாதை. செருப்பைக்கூட வெளியே விட்டான்.

"அக்கா, நாளைக்கு எங்க தலைவர் பிரசாரம். வேன் இந்த வழியாத்தான். செடி கெடந்தா வண்டி சறுக்கும், மேல நிக்கறாரு பாருங்க. ஒரு ரெண்டு மணி நேரம் ஓரமா வாரிக்கினீங்கன்னா..."

"எத்தினி மணிக்கு வர்றாரு?"

"நாலு மணிக்குக்கா."

நான்கு மணி. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அவனுக்குத் தெரியாதா? தெரியும். நேற்று இங்கேதானே பிள்ளைகளின் உயிர் என்று கத்தினான். "போய்ட்டு வா தம்பி" என்றேன். அதற்கு மேல் பேசினால் கையில் இருந்த ஸ்கேலால் அடித்திருப்பேன்.

தர்ஷினியைக் கூட்டிப் போக வந்த குமார் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கட்சிக்காரன் போனதும் குமார் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "பாத்தீங்களா அண்ணி? எங்களச் சொன்னீங்களே!"

"சிரிக்காத. நாளைக்கு நாலு மணிக்கு உன் பொண்ணு இந்த ரோட்டத் தாண்டணும்."

சிரிப்பு நின்றது. தர்ஷினி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

பச்சையம்மாவுக்கு ஃபோன் போட்டேன். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "கொல்லையில இன்னொரு காணி உளுந்து பிடுங்கிப் போட்டிருக்குதுக்கா. ஏத்தியார வண்டிதான் இல்ல" என்றாள். ஸ்பீக்கரில் குமாருக்கும் கேட்டது.

"வண்டி நான் அனுப்பறேன் அண்ணி. காலையில ஏழு மணிக்குக் கொல்லையிலயே நிக்கும்."

கட்சிக்காகவா, பொண்ணுக்காகவா என்று கேட்டேன். அவன் டிரைவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.