முந்திரிகைத் தோட்டத்து வழியாலை

ஏப்ரல் 20, ஸ்காபரோ

மகள் அனோஜா ஹோட்டல் எல்லாம் புக் பண்ணிவிட்டாள். சுவிஸில் மலையடிவாரத்து ஊர்கள், பழைய கோட்டைகள், வைனுக்கு வளர்க்கிற முந்திரிகைத் தோட்டங்கள். வாடகைக் காரில் ஆறுதலாக ஒரு கிழமை. நானும் இவரும் மட்டும். கலியாணம் கட்டி முப்பத்துநாலு வருசத்தில் இதுதான் முதல்தரம். "ஹனிமூன், அம்மா" என்று மகள் பகிடி விட்டாள். போடி என்று பேசினேன். ஆனால் புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 23

இவர் பேர்ணில் இருக்கிற தன்ரை தங்கச்சி ஏஞ்சலாவுக்குப் போன் அடித்துச் சொல்லிப்போட்டார். எனக்குத் தலை விறைச்சுப் போச்சு. ஏஞ்சலாவுக்குச் சொன்னால் முழுச் சுவிஸுக்கும் சொன்ன மாதிரி. ஒரு வீட்டிலை சாப்பிட்டு மற்ற வீட்டிலை சாப்பிடாட்டி, சாகுமட்டும் முகம் பாராயினம்.

"சும்மா தலையைக் காட்டிப்போட்டு வருவம்" என்கிறார். தலையைக் கண்டால் விடுகிற ஆக்களோ?

மே 8, பேர்ண்

விடேல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலாவின்ரை பேத்தி சேர்ச்சிலை முதல்தரம் நற்கருணை எடுக்கிறாளாம், முதல்நன்மை விருந்தாம். நிக்கச் சொல்லி மறிச்சுப்போட்டினம். இவருக்கு வாயெல்லாம் பல்லு. ஹோட்டல்களை கான்சல் பண்ணச் சொல்லி அனோஜாவுக்கு மெசேஜ் போட்டிட்டார், என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை.

நான் குசினிக்குள்ளை நிண்டு விருந்துக்கு றோல்ஸ் சுத்துறன். யன்னலாலை மலை தெரியுது. இந்த றோல்ஸை ஸ்காபரோவிலை சுத்தேலாதோ? இதுக்கோ பிளேன் ஏறி வந்தனான்?

மே 11, சியோன்

மிஞ்சினது ஒரு நாள். மலைச்சரிவு முழுக்கப் படிபடியாக முந்திரிகை. இவர் காருக்குள் ஸ்பீக்கரில் போன் போட்டபடி. தங்கச்சி, பிறகு ரொறன்ரோ சிநேகிதர். "உந்தப் போனை நிப்பாட்டுங்கோ" எண்டு கத்திப்போட்டன்.

நிப்பாட்டினார். ரெண்டு குன்றிலையும் கோட்டை தெரிஞ்சுது. "வடிவாயிருக்கு" எண்டன். "ஓம்" எண்டார். கனநேரத்துக்குப் பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார்:

"இனி என்னத்தைக் கதைக்கிறது, கிளடிஸ்?"

நானும் யோசிச்சன். ஒண்டும் வரேல்லை. சண்டை பிடிக்கிறதுக்குக்கூட ஒண்டும் வரேல்லை. அப்ப இவர் இவ்வளவு நாளும் ஆக்களைத் தேடி ஓடினது... இந்தப் பயத்திலையோ?

பின்னேரம் ஹோட்டலுக்குக் கீழே வைன் குடித்தோம். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் விழுந்து விழுந்து சிரிக்கினம். எரிச்சலாக் கிடந்தது. இவர் திரும்பப் போனை எடுத்தார். இந்தமுறை கத்தாமல் என்ரை கிளாசை எடுத்தன்.

எங்கடை கலியாண நாளுக்கு எண்டு ஒரு போத்தல் வாங்கினேன்.

மே 17, ஸ்காபரோ

மாதா கோயில் வாசலில் எல்லாரும் சுவிஸ் எப்படி என்று கேட்டினம். "சொர்க்கம்" எண்டார் இவர். நானும் பக்கத்திலை நிண்டு பல்லைக் காட்டினன்.

ஓகஸ்ட் 22

நாளைக்குக் கலியாண நாள். ரெஸ்ரோரன்ரில் இரண்டு பேருக்கு மேசை புக் பண்ணட்டோ என்று அனோஜா போன கிழமை கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"வேண்டாம். எல்லாரையும் வீட்டை கூப்பிடு" என்றேன். இவருக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான்.

இறைச்சி அவியுது. நாளைக்கு அந்தப் போத்தலையும் உடைப்பம். இத்தனை பேருக்கு ஆளுக்கு ஒரு வாய்கூட வராது.